பதில் எழுதிய பிள்ளைக்குப் பதில் வர வேண்டும்

கல்லூரி மாணவர்களிடம் "ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பியிருக்கேன்" என்று சொன்னால் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கருத்தரங்குக்குப் போனால் ஒரு ஃபார்ம், அதை நிரப்பினால்தான் சான்றிதழ். ஏதாவது ஒரு தினத்தை ஒட்டி விழிப்புணர்வு வினாடி வினா, அதுவும் ஃபார்ம்தான். பாடத்திட்டம் பற்றிய கருத்து, ஆசிரியர்கள் பற்றிய கருத்து, நூலகம் பற்றிய கருத்து. "இன்னும் பாதிப் பேர் நிரப்பல, நாலு மணிக்குள்ள முடிங்கப்பா, மேம் கேக்குறாங்க" என்று கிளாஸ் ரெப் வாட்ஸ்அப் குரூப்பில் கெஞ்சிக்கொண்டிருப்பார். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ் வரை "மிக நன்று, மிக நன்று" என்று தட்டிக்கொண்டே போய் அனுப்பிவிடுவார்கள். கேள்வியைப் படித்திருக்க மாட்டார்கள். ஏன் படிக்க வேண்டும்? இதுவரை நிரப்பிய ஃபார்ம்களுக்கு என்ன ஆனது என்று யாரும் வந்து அவர்களிடம் சொன்னதில்லை.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். பல பேர் சேர்ந்து எழுதுகிற டாக்குமெண்ட், சர்வே இரண்டையும் வகுப்பில் விடாமல் பயன்படுத்தி வருகிறேன், எனக்கு இதில் உறுதியான ஒரு அபிப்பிராயம் உண்டு. பிள்ளைகள் எழுதியது அடுத்த வகுப்புக்குள் ஏதாவது ஒரு வடிவத்தில் அவர்களிடமே திரும்பி வந்தால் அவர்கள் எழுதுவார்கள். வராவிட்டால் எழுத மாட்டார்கள். எந்த ஆப், எந்த டெம்ப்ளேட், எத்தனை நிறம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) நடத்தும் மதிப்பீட்டில் மாணவர் திருப்தி சர்வே என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 21 கேள்விகள். 20 கேள்விகளுக்கு 0 முதல் 4 வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தி முடித்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 21வது கேள்வியில் மட்டும் கற்பித்தலையும் கற்றலையும் மேம்படுத்த மாணவர் தன் சொந்த வார்த்தையில் மூன்று யோசனைகள் எழுதலாம். எனக்கு அந்த 21வது கேள்வி ரொம்பப் பிடிக்கும். கல்லூரிகள் தாங்களாகவே நடத்தும் கருத்துப் படிவங்களிலும் கடைசியில் இப்படி ஒரு கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? ஒரு புள்ளி. கட்டாயக் கேள்வி என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பதால் எதையாவது அடித்தால்தான் ஃபார்ம் போகும், அதனால் ஒரே ஒரு புள்ளி. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே பிள்ளைகள் வேறொரு இடத்தில் பத்தி பத்தியாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்குமெண்ட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். 2006ல் கூகுள், ரைட்லி என்ற மென்பொருளை உருவாக்கிய ஒரு சின்ன நிறுவனத்தை வாங்கியது, அதிலிருந்து வளர்ந்ததுதான் கூகுள் டாக்ஸ். ஒரே பக்கத்தில் பல பேர் ஒரே நேரத்தில் எழுதலாம் என்பதுதான் அன்றும் இன்றும் அதன் விசேஷம். ஆனால் 60 பேர் வகுப்பில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவிட்டு "எழுதுங்க" என்றால் களேபரம்தான் மிஞ்சும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் வரி, இன்னொருவர் மேலே என்டர் தட்டியதில் கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஓடிவிடும். பத்துப் பேர் "ஹாய்" போடுவார்கள். யாரோ கை பட்டு மொத்தத்தையும் செலக்ட் பண்ணி அழிப்பார். அதனால் எப்போதும் ஒரு அட்டவணை போட்டுவிடுகிறேன். இடது பக்கம் வரிசை எண், நடுவில் பதில், வலது பக்கம் காலியாக ஒரு பத்தி. இரண்டு பேருக்கு ஒரு வரிசை. அவரவர் கட்டத்துக்குள் எழுதினால் யார் எழுத்தும் யார் மேலும் ஏறாது. வலது பக்கக் காலி இடம் அடுத்தவர்கள் மறுமொழி எழுத.

அப்படியும் அழிந்துபோனால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலைக்குப் போய்விடலாம். இதை முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் கண் முன்னால் செய்து காட்டிவிட வேண்டும்: வேண்டுமென்றே மொத்தத்தையும் அழித்து, திரும்பக் கொண்டுவந்து. இதைப் பார்த்த பிறகு, எதையாவது தொட்டால் கெட்டுவிடுமோ என்று தள்ளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் கை வைக்கிறார்கள். இன்னொன்று, 100 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரு டாக்கைத் திறந்தால் மீதிப் பேரால் திருத்த முடியாது. இரண்டு செக்ஷனைச் சேர்த்து நடத்துகிறவர்கள் தனித்தனி டாக் போடுவது நல்லது. பழைய போன்கள் அதற்கு ரொம்ப முன்னாடியே திணற ஆரம்பித்துவிடும்.

தேவை நெகிழ்ச்சி நடத்திய வகுப்பைச் சொல்கிறேன். விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் பாடம். அளவில் ஏற்பட்ட சதவீத மாற்றத்தை விலையில் ஏற்பட்ட சதவீத மாற்றத்தால் வகுக்க வேண்டும், விடை 1க்கு மேல் போனால் நெகிழ்ச்சி அதிகம், 1க்குக் கீழே என்றால் குறைவு. எல்லாப் புத்தகத்திலும் இருப்பது. தலையாட்டிக் கேட்டார்கள். கடைசி 10 நிமிடத்தில் டாக்கைத் திறந்து, இன்றைய பாடத்தில் புரியாதது எது என்று மட்டும் கேட்டேன். வரிசை 17ல் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "1க்கு மேல் என்றால், ஒரு என்ன? ஒரு ரூபாயா, ஒரு கிலோவா?"

அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. சதவீதத்தைச் சதவீதத்தால் வகுக்கும்போது ரூபாயும் போய்விடும், கிலோவும் போய்விடும், மிஞ்சுவது வெறும் எண். அதனால்தான் தக்காளியையும் பஸ் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. இந்தப் பாடத்தின் உயிர்நாடியே அதுதான், அதைத்தான் அந்தப் பிள்ளை கேட்டது. வாய் திறந்து கேட்டிருக்குமா? கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன். 60 பேர் முன்னால் எழுந்து நின்று "ஒரு என்ன?" என்று கேட்க ரொம்பத் தைரியம் வேண்டும். டாக்கில் அதன் பக்கத்திலேயே வலது பத்தியில் நாலைந்து பேர் "எனக்கும் இதேதான்" என்று போட்டிருந்தார்கள்.

அடுத்த வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதற்கு முன்பே வரிசை 17ஐத் திரையில் போட்டுத்தான் ஆரம்பித்தேன். தக்காளியை எடுத்துக்கொண்டோம். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு வீட்டில் 40 ரூபாய் விலையில் வாரம் 2 கிலோ வாங்கினார்கள், 120 ரூபாய் ஆனதும் 1 கிலோ வாங்கினார்கள் என்று வைத்து எல்லாரும் டாக்கிலேயே கணக்குப் போட்டார்கள். பெரும்பாலான வரிசைகளில் விடை 0.25. விலை 200 சதவீதம் ஏறியது, அளவு 50 சதவீதம் குறைந்தது, சரி. ஆனால் ஒரு ஜோடி மட்டும் 1.5 என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் உடனே தப்பு என்று மறுமொழி போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஜோடி விடவில்லை. விலை இறங்கும்போது கணக்குப் போட்டோம் என்று எழுதியது. 120ல் இருந்து 40க்கு இறங்கினால் விலை மாற்றம் சுமார் 67 சதவீதம், அளவு 1 கிலோவில் இருந்து 2 கிலோவானால் 100 சதவீதம், வகுத்தால் 1.5. அதே வீடு, அதே தக்காளி, அதே இரண்டு விலை. ஏறும்போது நெகிழ்ச்சி குறைவு, இறங்கும்போது அதிகம் என்று வருகிறது. எப்படி?

நடுப்புள்ளி முறை என்று ஒன்று பாடத்தில் அடுத்து வருகிறது. இரண்டு விலைகளின் சராசரியையும் இரண்டு அளவுகளின் சராசரியையும் அடிப்படையாக வைத்துச் சதவீதம் எடுத்தால் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒரே விடைதான், இங்கே சுமார் 0.67. வழக்கமாக அதை இன்னொரு வாய்ப்பாடாக மனப்பாடம் பண்ணிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அந்த வாய்ப்பாடு தேவைப்பட்ட பிறகுதான் வந்தது. எல்லாருடைய விடையும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்ததால்தான் இது நடந்தது. தனித்தனி நோட்டில் போட்டிருந்தால் அந்த ஜோடி பக்கத்து பெஞ்சைப் பார்த்துத் தன் விடையை அடித்துவிட்டு 0.25 என்று மாற்றி எழுதியிருக்கும்.

பெயர் தெரியாமல் இருந்ததும் ஒரு காரணம். லிங்க் உள்ள யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று டாக்கைத் திறந்துவிட்டால், எழுதுகிறவர் பெயருக்குப் பதிலாக அனானிமஸ் கேப்பிபாரா, அனானிமஸ் குவாக்கா என்று ஏதாவது ஒரு விலங்கின் பெயர்தான் தெரியும். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு, முதல் ஐந்து நிமிடம் நான் எந்த விலங்கு என்று தேடுவார்கள். தேடட்டும். நன்றாகப் பேசுகிற நாலு பேர் முகமும், ஆங்கில மீடியத்தில் படித்தவர்கள் முகமும் அந்தப் பக்கத்தில் இல்லை என்பதுதான் விஷயம். யாருடைய வரி என்று தெரியாதபோது வரியை மட்டும் படிக்கிறார்கள்.

மொழி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வகுப்புகளில் பாதிக்கும் மேல் தமிழ் மீடியத்தில் இருந்து வருகிறவர்கள். பாடப்புத்தகம் ஆங்கிலம், தேர்வில் தமிழிலும் எழுதலாம் என்று இருந்தாலும் வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டால்தான் மரியாதை என்று ஒரு நினைப்பு எப்படியோ உள்ளே போய்விடுகிறது. டாக்கின் தலைப்பிலேயே "தமிழ், ஆங்கிலம், எப்படி வருதோ அப்படி" என்று எழுதி வைக்கிறேன். தமிழ்99 விசைப்பலகை தெரிந்தவர்கள் அபூர்வம், அதனால் என்ன, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற கீபோர்டு எல்லார் போனிலும் இருக்கிறது, அதுவும் கஷ்டம் என்றால் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும். ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிப்பவர்களையும் நான் தடுப்பதில்லை. சந்தேகம் வெளியே வர வேண்டும், அதுதான் முக்கியம். எழுத்துப் பிழையை அந்த இடத்தில் திருத்தினால் அந்தப் பிள்ளை திரும்ப எழுதாது. இதை மட்டும் எந்த ஆசிரியர் கேட்டாலும் அழுத்திச் சொல்வேன்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் புள்ளியியல் நடத்திய ஃபிரடெரிக் மோஸ்டெல்லர், வகுப்பின் கடைசி நிமிடங்களில் மாணவர்களிடம் இன்று முக்கியமானது எது, குழப்பமானது எது, இன்னும் எதைப் பற்றிக் கேட்க விரும்புகிறீர்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியதைப் பற்றி 1989ல் எழுதியிருக்கிறார். அவரும் அடுத்த வகுப்பில் அவற்றுக்குப் பதில் சொன்னார், கருவி வெறும் காகிதம்தான். அதே ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991ல் வேறொன்றைத் தொடங்கினார்: ஒரு கேள்வி, எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும், மறுபடி ஓட்டு. சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருக்கும் கேள்வியில்தான் வாதம் சூடு பிடிக்கும் என்பது அவர் அனுபவம். வாட்ஸ்அப்பிலேயே 2022ல் இருந்து ஓட்டெடுப்பு (poll) வசதி இருக்கிறது, நான் அதில்தான் இதைச் செய்கிறேன். ஆனால் அதில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே நன்றாகப் படிக்கிற பிள்ளை எதைத் தொட்டதோ அதன் மேல் வரிசையாக ஓட்டு விழும். பெயர் தெரியக் கூடாத கேள்வி என்றால் ஃபார்ம்தான் சரி.

சர்வே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் ஆசை அதிகம். ஃபார்மை நிரப்புகிறவர்களாகவே மூன்று வருடமும் இருந்துவிட்டுப் போகிற பிள்ளைகள், ஒரு தடவையாவது ஃபார்மைத் தயாரிக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு அது பாடமும்கூட. மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு சர்வேயை வகுப்பில் நடத்துகிறோம். 2022-23ல் தமிழ்நாட்டில் ஒருவருக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய் என்று எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது தேர்வு வரைதான் நிற்கும். அந்த எண் ஒரு வீட்டு வாசலில் ஒருவர் நின்று கேட்டதில் இருந்து வருகிறது. அந்தச் சர்வேயில் முன்பு ஒரே தடவை போய் எல்லாக் கேள்வியும் கேட்டார்கள். 2022-23ல் கேள்விகளை மூன்றாகப் பிரித்து, உணவு ஒரு தடவை, மற்ற நுகர்வும் சேவைகளும் ஒரு தடவை, நீண்ட நாள் உழைக்கும் பொருள்கள் ஒரு தடவை என்று மூன்று முறை போனார்கள். ஏன் மூன்று முறை என்று கேட்டால், தானே ஒரு சர்வே நடத்திய பிள்ளைக்கு உடனே புரியும்: நீளமான கேள்வித்தாளில் பாதிக்கு மேல் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது பஸ். கல்லூரிக்கு எப்படி வருகிறீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு. கேள்விகளை முதலில் டாக்கில் எழுதினோம், ஃபார்ம் பக்கமே போகவில்லை. முதலில் வந்த கேள்விகளில் ஒன்று: "பஸ் வசதி போதுமானதாகவும் பாதுகாப்பாகவும் உள்ளதா?" ஆம், இல்லை. பார்க்க நல்ல கேள்வி மாதிரி இருக்கும். வலது பத்தியில் ஒரு பிள்ளை கேட்டது, "எங்க ஊருக்கு பஸ் நிறைய இருக்கு, ஆனா சாயங்காலம் நிக்கவே பயமா இருக்கும், நான் எதை டிக் பண்றது?" அவ்வளவுதான், ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வியை அடைக்கக் கூடாது என்ற விதியை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கேள்வி இரண்டாக உடைந்தது, பாதுகாப்புக் கேள்வி மறுபடியும் உடைந்தது, ஏனென்றால் பஸ்ஸுக்குள்ளே நடப்பதும் பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பதும் வேறு வேறு என்று பெண் பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள்.

அப்புறம் "டிக்கெட் செலவு எவ்வளவு?" என்ற கேள்வி. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அப்படியானால் பெண் பிள்ளைகள் எல்லாரும் 0 என்று போட வேண்டியதுதானே என்று ஒரு பையன் எழுத, வந்த மறுமொழிகள் பக்கத்தைத் தாண்டின. இலவச பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன். முதல் பீரியட் போய்விடும் என்று வாரத்தில் ரெண்டு நாள் ஷேர் ஆட்டோவில் வருகிறேன். பஸ் ஸ்டாப் வரை அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுகிறார், அந்தப் பெட்ரோல் யார் கணக்கு? ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் விட்டுக்கொடுக்கும் இன்னொன்றின் மதிப்பை வாய்ப்புச் செலவு என்பார்கள், அந்தக் கருத்தை முதல் செமஸ்டரிலேயே நடத்தியிருந்தேன், அந்த முக்கால் மணி நேரத்தில் அது உட்கார்ந்திருந்ததை வகுப்பே கண்டுபிடித்தது. நான் எதுவும் சொல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

ஃபார்மில் ஒரு வசதி உண்டு, ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த பகுதிக்குத் தாவலாம். நடந்து வருகிறேன் என்றால் பஸ் கேள்விகளே கண்ணில் படாது. இதைச் செய்யக் கற்றுக்கொண்டபோது பிள்ளைகளுக்கு வந்த சந்தோஷம்! எனக்குத் தேவையில்லாத கேள்வியை என்னிடம் கேட்கவில்லை என்பதே ஒரு மரியாதை, ஃபார்ம்களால் அலுத்துப்போனவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அனுப்புவதற்கு முன்னால் வேறு டிபார்ட்மெண்ட் பிள்ளைகள் சிலரைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லி, எங்கே விரல் நிற்கிறது, எங்கே "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று நிமிர்கிறார்கள் என்று பார்த்தோம். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி ஃபார்ம்கள் உருப்படும்.

பதில்கள் ஷீட்டில் வந்து விழுந்ததும் வேறொரு பாடம். எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்விக்கு எழுதிப் பதில் சொல்லும் கட்டத்தை வைத்திருந்தார்கள். "2 மணி நேரம்", "120", "ரெண்டு அவர்", "ஒன்றரை, கூட்டம்னா ரெண்டரை", "பஸ் வந்தா ஒரு மணி நேரம்". இதற்கு எப்படிச் சராசரி எடுப்பது? ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நிமிடமாக மாற்றினார்கள். "பஸ் வந்தா" என்று எழுதியவரை என்ன செய்வது என்று பெரிய விவாதம். விட்டுவிடலாம் என்று ஒரு கட்சி. விட்டால் பஸ் சரியாக வராத ஊர்க்காரர்கள்தான் கணக்கில் இருந்து விழுவார்கள், அப்புறம் சராசரி நல்லாத்தான் இருக்கும் என்று இன்னொரு கட்சி. புள்ளிவிவரம் எப்படி யாரையோ விட்டுவிட்டு அழகாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லியிருக்க முடியாது.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். ஃபார்மைத் திறந்ததும் பெயர், ரோல் நம்பர், போன் நம்பர், மின்னஞ்சல், சாதி என்று வரிசையாகக் கேட்பது எல்லார்க்கும் பழக்கமாகிவிட்டது, எதற்குத் தேவை என்று யாரும் கேட்பதில்லை. பதில்கள் விழும் ஷீட்டின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டால் அதில் இருக்கும் பெண் பிள்ளைகளின் போன் நம்பர் அத்தனையும் லிங்க் உள்ளவர்கள் கையில். அதற்கு அப்புறம் தெரியாத நம்பரில் இருந்து மெசேஜ் வந்து வீட்டில் தெரிந்தால் முதலில் பறிபோவது அந்தப் பிள்ளையின் போன்தான், சில வீடுகளில் படிப்பே கேள்விக்குறியாகும். எனவே எங்கள் சர்வேயில் போன் நம்பர் கிடையாது, பெயர் கிடையாது. மின்னஞ்சலைச் சேகரிக்க வேண்டாம் என்று செட்டிங்கில் மாற்றிவிட்டு, மாற்றியதை வகுப்புக்குத் திரையில் காட்டிவிடுவேன். ஒருவருக்கு ஒரு பதில்தான் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் லாகின் செய்யச் சொல்லும், அதைப் பார்த்ததுமே நம்ம பெயர் போகிறது என்று பயப்படுவார்கள். அதனால் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுகிறேன், ஒன்றிரண்டு பேர் இரண்டு முறை போட்டாலும் பரவாயில்லை. ஊர், டிபார்ட்மெண்ட், ஆணா பெண்ணா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே சின்ன வகுப்பில் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பதையும் சர்வே போடுகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். ஊரைக் கேட்காமல் தூரத்தை மட்டும் கேட்டோம்.

என்னைப் பற்றிய கருத்தையும் இப்படித்தான் கேட்கிறேன், செமஸ்டர் நடுவில், மார்க் எல்லாம் போடுவதற்கு முன்னால். செமஸ்டர் முடிவில் கேட்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, பலன் எல்லாம் அடுத்த பேட்ச்சுக்கு. மூன்றே கேள்வி: எது உதவுகிறது, எது தடுக்கிறது, அடுத்த வாரமே மாற்றக்கூடியது ஒன்று சொல்லுங்கள். மதிப்பெண் அளவுகோல் வைப்பதில்லை. 1932ல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் தந்த, முழுக்க ஏற்கிறேன் என்பதில் இருந்து முழுக்க மறுக்கிறேன் என்பது வரை போகும் அந்த ஐந்து படி அளவுகோல் அருமையான கருவி, பெரிய கூட்டத்தின் மனநிலையை அளக்க வேண்டும் என்றால் அதுதான் வேண்டும். ஆனால் என் வகுப்புக்கு எனக்கு 4.3 கிடைத்தது என்று தெரிந்து நான் எதை மாற்றிக்கொள்வது? "போர்டுல வரைபடம் போட்ட உடனே அழிச்சிடுறீங்க, போன்ல போட்டோ எடுக்க விடுங்க மேம்" என்று ஒரு வரி வந்தால் மறுநாளே மாற்றிவிடலாம். மாற்றினேன். "தேர்வில் வரும் கேள்வியை மட்டும் நடத்துங்க" என்றும் வந்தது. அது முடியாது, ஏன் முடியாது என்று வகுப்பில் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முடியாது என்ற பதிலும் பதில்தான், பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். காதில் வாங்காத மாதிரி போவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

போன் இல்லாத பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில், 2021 ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை, ஆன்லைன் வகுப்புக்காகத் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது. இப்போது டேட்டா பெரும்பாலும் பிரச்சினை இல்லை. திரை உடைந்த போன், ஸ்டோரேஜ் நிரம்பி டாக்ஸ் ஆப்பை ஏற்ற முடியாத போன், அண்ணனும் தங்கையும் சேர்ந்து வைத்திருக்கும் போன், இவைதான் இன்றைய பிரச்சினை. இரண்டு பேருக்கு ஒரு வரிசை என்று நான் வைத்ததற்கு இதுவும் காரணம். ஜோடியில் ஒரு போன் இருந்தால் போதும், யாரிடம் இல்லை என்று யாரும் கை தூக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் பேசித்தான் ஒரு வரி எழுத வேண்டியிருப்பதால் அந்த வரியும் தரமாக வருகிறது. இதை வீட்டு வேலையாகக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. வகுப்பு நேரத்திலேயே, வகுப்பறையிலேயே நடக்க வேண்டும். பகுதி நேர வேலைக்குப் போய்விட்டு இரவு 10 மணிக்கு வீடு சேர்கிற பையனிடம் "டாக்கில் கமெண்ட் போடு" என்று சொல்ல எனக்கு மனசு வராது.

டாக்கைத் திறந்தால் எல்லாப் பாடமும் புரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நீளமாக யோசித்து ஒரு கட்டுரை எழுதக் காகிதமும் தனிமையும் வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் திறந்தால் டாக்கும் இன்னொரு ஃபார்ம் ஆகிவிடும். அப்புறம் ஆசிரியருக்கு வேலை கூடும், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 30 வரிசையையும் இரவே படித்தால்தான் காலையில் அதில் இருந்து தொடங்க முடியும். படிக்க நேரமில்லாத வாரத்தில் நான் எழுதச் சொல்வதே இல்லை.

பஸ் சர்வே முடிவுகளைப் பிள்ளைகளே இரண்டு பக்கத்தில் எழுதி டிபார்ட்மெண்ட்டில் கொடுத்தார்கள். முதல் பீரியடுக்குத் தாமதமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வழித்தடத்துப் பிள்ளைகள் என்று அதில் இருந்தது. முதல் பீரியடில் வைத்துக்கொண்டிருந்த இன்டர்னல் டெஸ்ட்டை மூன்றாவது பீரியடுக்கு மாற்றினோம். பஸ் நேரம் மாறவில்லை, டெஸ்ட் நேரம் மாறியது, அது எங்கள் கையில் இருந்தது. சர்வேக்குப் பதில் சொன்ன மற்ற டிபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு பக்கத்தையும் அனுப்பினோம்.

இந்த வருடம் அடுத்த பேட்ச் அதே டாக்கைக் கையில் எடுத்திருக்கிறது. ஹாஸ்டலில் இருப்பவர்களைச் சர்வேயில் சேர்ப்பதா வேண்டாமா என்று வலது பத்தியில் சண்டை நடக்கிறது. அவர்களுக்கு தினசரிப் பயணம் இல்லை, எதற்கு என்கிறது ஒரு கட்சி. பஸ் இல்லாததால்தானே அவர்கள் ஹாஸ்டலுக்கே போனார்கள், அவர்களை விட்டால் எப்படி என்கிறது இன்னொன்று. ஹாஸ்டல் கட்டணத்தையும் பயணச் செலவாகக் கணக்கிட வேண்டும் என்று நேற்று ராத்திரி யாரோ ஒரு கேப்பிபாரா எழுதி வைத்திருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பை அந்த வரியில் இருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்.